பன்னிரண்டாவது தொப்பி

துறைமுகச் சாலையில் வந்து ஜெசிந்தா மாஸ்டர் எங்கே என்று கேட்டால் யாரும் மீசைக்காரரைக் காட்ட மாட்டார்கள். நாற்பத்தொரு வயதுப் பெண்மணி. ஒரு எம்பிராய்டரி மெஷின், ஒரு கம்ப்யூட்டர், சுவர் நிறைய நூல்கண்டு. தொப்பியில் எம்பிராய்டரியும், சட்டையில் தைக்கிற பேட்ச்சும் அடித்துக் கொடுப்பது தொழில். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டே, மெஷின் சத்தத்தை வைத்து, அறுந்தது சிவப்பு நூலா மஞ்சள் நூலா என்று சொல்லிவிடுவார். மீன்காரர் சட்டை ஒன்றில் அவர் அடித்த வாளை மீனை ஒரு பூனை சட்டையோடு சேர்த்து இழுத்துப் போனது என்பார்கள். பூனையை நான் பார்த்திருக்கிறேன். சட்டையைப் பார்த்ததில்லை.

இந்த மாஸ்டரிடம் அறுபத்துநாலு வயதான ஒரு சீடர் வந்து சேர்ந்தார்.

சீடரின் பெயர் ஞானையா. முப்பது வருடம் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். பெரிய கப்பலின் மூக்கில் கயிறு மாட்டி, கரையில் அது நிற்கும் தளத்துக்கு இழுத்து வருகிற சின்னப் படகு. நீலவேணி என்று பெயர். வயதாகிவிட்டது, அதை உடைப்புக்கு அனுப்பப் போகிறார்கள் என்று முடிவானது. அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதில் வேலை பார்த்த பழைய ஆட்கள் எல்லோரும் ஒரே மாதிரித் தொப்பி போட்டுக்கொண்டு கடைசியாக ஒரு சுற்று போய்வருவது என்று பேசிக்கொண்டார்கள். தொப்பிக்குச் சொல்கிற வேலை ஞானையாவிடம் வந்தது.

கடைக்கு வந்து பட்டியலை நீட்டினார்.

"பதினோரு தொப்பி. நடுவில நங்கூரம், கீழே படகு பேரு," என்று மாஸ்டர் படித்தார். "மூணு மாசம் இருக்கே. சரி."

"பன்னிரண்டு."

"பேரு பதினொண்ணுதான் இருக்கு."

"பன்னிரண்டாவது பட்டியல்ல வராது. அது தனி. யாருக்கும் சொல்ல வேண்டாம்."

மாஸ்டர் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"தனித் தொப்பி ஒண்ணுக்காக நான் மெஷினை ஓட்டுறதில்ல, அண்ணாச்சி. வேணும்னா வந்து கத்துக்கிடுங்க. நீங்களே அடிச்சுக்கிடுங்க."

வந்தவரைக் கிளப்பிவிடச் சொன்ன பேச்சு அது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஞானையா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றார்.

சொன்ன சொல்லுக்கு மாஸ்டர் கட்டுப்பட வேண்டியதாயிற்று.

முதல் மாதம் நூல் கோக்க வைத்தார். ஐம்பதாயிரம் டன் கப்பலை இழுத்த கை, ஊசிக்காதுக்குள் ஒரு நூலை இழுக்க அரை நாள் எடுத்துக்கொண்டது. இரண்டாம் மாதம் பேட்ச். ஊசி எங்கே தொடங்கி எப்படிப் போய் எங்கே முடிய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வழி போட்டுக் கொடுக்க வேண்டும். தொழிலில் அதற்குப் பஞ்சிங் என்று பெயர். ஞானையா முதலில் போட்ட நங்கூரத்தை மாஸ்டர் கையில் வாங்கி, தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"குடை நல்லா வந்திருக்கு அண்ணாச்சி. ஐப்பசிக்கு ஆகும்."

பத்தாவது நங்கூரம் நங்கூரமாகவே வந்தது. இடது கொம்பை அடித்து, வலது கொம்பை அடித்து, கடைசியில் நடுத்தண்டை அடித்து முடிக்கிற மாதிரி ஞானையா வழி போட்டிருந்தார். மாஸ்டர் குறை சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் ஞானையா கேட்டார்.

"மாஸ்டர், கெட்டுப்போன ஒண்ணைச் சரி பண்ண முடியுமா?"

"எது கெட்டுப்போச்சு?"

"பொதுவாத்தான் கேக்கேன்."

"பொதுவாக் கெட்ட துணி இதுவரைக்கும் என் கடைக்கு வரல. எந்தத் துணி, எந்த இடம்னு சொல்லுங்க."

ஞானையா நூல் மாற்றப் போவதுபோல் எழுந்து போய்விட்டார்.

அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். நீலவேணியில் கயிற்றுக்குப் பொறுப்பாக இருந்தவர் செலஸ்டின். பெரிய தலைக்காரர். ஒருமுறை படகுக்குள் தண்ணீர் ஏறியபோது அவர் தொப்பியைக் கழற்றித்தான் இறைத்தார்கள், நாலே இறைப்பில் படகு காய்ந்துவிட்டது. அவரும் ஞானையாவும் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள். கப்பலில் கயிற்றை மாட்டிவிட்டு அவர் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் இவர் எஞ்சினை முடுக்கி இழுக்க வேண்டும். அதுதான் முறை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒருநாள் கயிறு அறுந்து, கப்பல் போய்த் தளத்தில் இடித்தது. ஆளுக்குச் சேதமில்லை. தளத்தில் ஒரு கை அகலத்துக்கு வெடிப்பு. விசாரணையில் ஞானையா, "கை காட்டினான், இழுத்தேன்," என்றார். செலஸ்டின், "காட்டல," என்றார். ஓட்டுகிறவரின் பேச்சு எடுபட்டது. கயிற்றுக்காரருக்கு வேலை போனது.

வேலையோடு போயிருந்தால் அவர் தாங்கியிருப்பார். ஊர் அவருக்குக் கைகாட்டி என்று பேர் வைத்தது. ரேஷன் கடை வரிசையில் நின்றால்கூட, "எல்லாரும் தள்ளி நில்லுங்க, கைகாட்டி வந்திருக்காரு, கையைத் தூக்கிரப் போறாரு," என்று ஒருவன் சொல்வான். வரிசை சிரிக்கும். செலஸ்டின் பையை மடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்.

பட்டியலில் வராத பேர் அதுதான்.

மூன்றாம் மாதம் பாடம் தொப்பிக்கு வந்தது. பதினோரு தொப்பியையும் மாஸ்டரே அடித்துப் பையில் போட்டுக் கட்டி வைத்தார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் ஞானையா பன்னிரண்டாவதை மாட்டினார். பேட்ச்சுக்குப் போட்ட வழியையே கம்ப்யூட்டரில் எடுத்து ஓட்டினார். திரும்பி வந்த மாஸ்டர் வாசலிலேயே நின்று காதைச் சாய்த்தார்.

"ஊசி எதையோ ஏறிக் குதிக்குது."

தொப்பியைக் கழற்றிப் பார்த்தார்கள். இடது கொம்பு அழகு. வலது கொம்பு அழகு. நடுவில் துணி திரண்டு கொப்புளம் மாதிரி நின்றது. அதன் மேல் தண்டு நொண்டிக்கொண்டிருந்தது.

"இதே நங்கூரம்தானே மாஸ்டர் பேட்ச்சில நல்லா வந்தது?"

"கைக்குட்டை இருக்கா?"

இருந்தது.

"நனைச்சு உங்க தலையில விரியுங்க."

ஞானையாவுக்கு முழு வழுக்கை. விரித்தார்.

"ரெண்டு காது பக்கத்துல இருந்தும் மேலே பாத்துத் தடவுங்க."

தடவினார். உச்சியில் துணி குவிந்து சேவல் கொண்டை மாதிரி நின்றது. எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இப்ப உச்சியில இருந்து கீழே பாத்துத் தடவுங்க."

தடவினார். கைக்குட்டை தோலோடு தோலாகப் படிந்தது.

"பேட்ச் தட்டையாக் கெடக்குற துணி. எங்க இருந்து வந்தாலும் பொறுத்துக்கிடும்," என்றார் மாஸ்டர். "தொப்பி வளைஞ்சு நிக்குது. நடுவுல இருந்துதான் ஆரம்பிக்கணும். ஓரத்துல இருந்து வந்தா, தள்ளிக்கிட்டு வந்ததெல்லாம் கடைசியில நடுவுல வந்து நிக்கும்."

"இதைப் பிரிச்சு அடிக்கலாமா?"

"நூலைப் பிரிக்கலாம். ஊசி போன ஓட்டை போகாது. வேற தொப்பி எடுங்க."

நாலு நாள் உட்கார்ந்து ஞானையா புதிதாக வழி போட்டார். முதலில் நடுத்தண்டு. பிறகு அங்கிருந்து இரண்டு பக்கமும் கொம்பு. யாருக்கும் போடாத பொன் நூலை ஓரத்தில் ஓட்டினார். பின்பட்டையை முழுக்கத் தளர்த்திக் கடைசிப் பொத்தானில் மாட்டினார். மாஸ்டர் தொப்பியைத் திருப்பி உள்பக்கம் பார்த்தார், விரலால் தடவினார், ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். ஒன்றும் சொல்லாததைவிடப் பெரிய பாராட்டு அந்தக் கடையில் கிடையாது.

அது சனிக்கிழமை. படகுச் சுற்று மறுநாள்.

தொப்பியைத் தாளில் சுற்றிக்கொண்டு மத்தியானம் செலஸ்டின் வீட்டுக்குப் போனார் ஞானையா. ஒன்பது வருடமாக அந்தத் தெருவில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு போனவர். வாசலில் இரண்டு பெட்டியும் ஒரு சாக்கு மூட்டையும் இருந்தன. சாயங்கால ரயிலில் மைசூருக்குப் போகிறார், இனி மகள் வீட்டோடுதான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

"வாரும். உட்காரும்," என்றார் செலஸ்டின்.

முன்னெல்லாம் 'ஏலே' என்று கூப்பிட்ட வாய்.

"முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்றார் ஞானையா.

"இருக்கு."

"மைசூர்ல குளிருமே."

"குளிரட்டும்."

"மக சுகமா?"

"சுகம். அவகிட்டதான் போறேன்."

இந்த வருடம் நெத்திலி குறைந்துபோனதைப் பற்றி ஞானையா பேசினார். புதிதாக வந்த இழுவைப் படகுகளின் எஞ்சின் சத்தம் பற்றிப் பேசினார். செலஸ்டின் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஒவ்வொன்றும் முடிந்த பிறகு, இன்னும் ஏதோ வர இருக்கிறது என்பதுபோல் ஞானையாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது.

ஞானையா அவசரமாகத் தாளைப் பிரித்துத் தொப்பியைக் கொடுத்தார். செலஸ்டின் போட்டுக்கொண்டார். அச்சாக உட்கார்ந்தது.

"அளவு மறக்கல போல."

"அந்தத் தலையை மறக்க முடியுமா?"

செலஸ்டின் லேசாகச் சிரித்தார். பிறகு கேட்டார்.

"நாளைக்குப் பதினோரு பேர்னு கேள்விப்பட்டேன். இது பன்னிரண்டாவதா?"

"ஆமா."

"மத்தப் பத்துப் பேருக்கும் தெரியுமா?"

ஞானையா தாளை மடித்தார். மடித்த தாளையே மறுபடியும் மடித்தார்.

"தெரியாது."

செலஸ்டின் தொப்பியைக் கழற்றினார். நங்கூரத்தைப் பெருவிரலால் ஒருமுறை தடவினார். "நல்லா அடிச்சிருக்கு. குறை சொல்ல முடியாது," என்றார். அதை ஞானையாவின் கையில் திருப்பி வைத்தார்.

"இதைப் போட்டுக்கிட்டு நான் எங்கலே போய் நிக்க?"

ஆட்டோ தெருமுனையில் திரும்பும்போது, மூட்டையைப் பிடித்திருந்த அவருடைய கை மட்டும் வெளியே தெரிந்தது. ஞானையா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கை உயரவில்லை.

கடைக்கு அவர் திரும்பியபோது மாஸ்டர் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மேசையில் பதினோரு தொப்பி உள்ள பை. அதன் பக்கத்தில் ஞானையா பன்னிரண்டாவதை வைத்தார்.

"வாங்கிக்கிடலயா?"

"இல்ல."

"எங்க இருந்து ஆரம்பிச்சீங்க?"

ஞானையா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முழங்கால்ல இருந்து."

"அப்புறம்?"

"மைசூர் குளிரு. மக. நெத்திலி."

"அப்புறம்?"

"அப்புறம் ஆட்டோ வந்துட்டு."

மாஸ்டர் எண்ணெய்க் குப்பியை மூடினார். ரயில் நிலையப் பக்கத்திலிருந்து ஒரு நீளமான ஊதல் கேட்டது. ஞானையா அது முழுவதும் ஓயும்வரை காத்திருந்தார். பிறகு எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அன்றைக்கு விசாரணையில் நின்ற மாதிரியே கையைக் கட்டி நின்றார்.

"அவன் கையைத் தூக்கல, மாஸ்டர். நான்தான் அவசரப்பட்டு இழுத்தேன். தூக்கினான்னு பொய் சொன்னேன்."

மாஸ்டர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார்.

"இப்பச் சரியா வந்திருக்கா?" என்று கேட்டார் ஞானையா.

மாஸ்டர் பன்னிரண்டாவது தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்தார். அது நெற்றியைத் தாண்டி, கண்ணைத் தாண்டி, மூக்கில் வந்து நின்றது.

தொப்பிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தையல் சரிதான். எனக்குத்தான் அளவு சேரல, அண்ணாச்சி."