இருட்டுத் தட்டு

குலசேகரன் வாய்ப்புற்றை அறுத்தெடுக்கும் மருத்துவர். ஐம்பதைத் தாண்டியபின் கத்தியின் மேலேயே அவருக்குக் கசப்பு வந்துவிட்டது. அறுவையை விடாமலே, தன்னைவிடப் பத்து வயது இளையவரான பேராசிரியை ரஹ்மத்நிசாவின் ஆய்வுக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்தார்.

பாலிமரைக் கண்ணுக்குத் தெரியாத துகளாக்குவது அங்கே வேலை. துகள் புற்றுக்குள் புகுந்து காத்திருக்கும். வெளியிலிருந்து சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் விழித்துக்கொண்டு, தன்னைச் சுற்றியுள்ள செல்லைக் கொல்லும். கத்தி வேண்டாம்.

அன்று காலை குலசேகரன் வாசல் காவலரைத் திட்டினார், எதிரே வந்த உதவியாளரைத் திட்டினார், ஆய்வுக்கூடக் கதவைச் சுவரில் மோதத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் ஜெசிந்தாவுக்கு நாக்கில் புற்று; வியாழக்கிழமை குலசேகரனின் கத்தியில் பாதி நாக்கு போகப்போகிறது. நாக்கை எடுத்துவிட்டால் விரலைக் காட்டியா வஞ்சிரத்தை ஏலம் விடுவது என்று கேட்டுவிட்டு அவள் சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. துகளை அவளுக்குக் கொடுக்க அனுமதி கேட்டிருந்தார். ரஹ்மத்நிசா கையெழுத்துப் போடவில்லை.

"ஒளி பட்ட புற்றுச் செல் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. நானே பார்த்தேன். இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு? நான் அவள் நாக்கை அறுக்க வேண்டும், நீங்கள் இங்கே கண்ணாடித் தட்டைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். வெட்கமாக இல்லையா, மேடம்?"

"இருட்டுத் தட்டைப் பார்த்தீர்களா, டாக்டர்?"

"அதில் என்ன பார்க்க இருக்கிறது? சும்மாதானே கிடக்கும்."

ரஹ்மத்நிசா எழுந்துபோய், செல் வளர்க்கும் பெட்டியிலிருந்து வெள்ளித்தாள் சுற்றிய தட்டை எடுத்துவந்தார். உள்ளே இருப்பவை நல்ல ஈரல் செல்கள். அதே துகள், அதே அளவு. ஒளி மட்டும் படவே இல்லை என்றார். தட்டில் நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டார். செத்த செல் சாயத்தை உள்ளே விட்டுவிடும், உயிருள்ளது விடாது.

குலசேகரன் நுண்ணோக்கியில் குனிந்தார். வில்லையை மாற்றி மறுபடி பார்த்தார். தட்டை நகர்த்தி ஓரத்திலும் பார்த்தார்.

எங்கும் நீலம்.

"ஒளியே படவில்லையே."

"துகள் ரத்தத்தில் ஓடி ஈரலுக்கும் போகும். நாக்கில் விளக்குப் பிடிப்பீர்கள். மிச்ச உடம்பெல்லாம் இருட்டுதானே, டாக்டர்?"

குலசேகரன் நிமிராமலே கேட்டார்.

"வியாழக்கிழமை அவள் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல? சொல்லுங்கள்."

ரஹ்மத்நிசா சுவரில் மோதித் திறந்து கிடந்த கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தார்.

"துகளுக்குக் கொல்லத் தெரிந்துவிட்டது, சும்மா இருக்க இன்னும் தெரியவில்லை என்று சொல்லுங்கள்."