தண்ணீரில் பிறந்த கல்

சிவன்மலைப் பண்ணையார் வீட்டில் வேலை செய்கிறவள் பொம்மக்கா. பண்ணையார் மகள் கல்யாணத்துக்கென்று ரத்தின வியாபாரி வடமலை பெரிய ஓபல் கல் ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்குள் ஏழு நிறமும் எரிந்தது.

"மழைத்தண்ணி மணலோட சாரத்தைக் கரைச்சு, பாறை இடுக்குல தேங்கி, லட்சக்கணக்கான வருஷம் இறுகினாத்தான் ஓபல். உள்ளே பொடி உருண்டைகள் வரிசையா அடுக்கியிருந்தா நிறம் காட்டும். இல்லாட்டி வெறும் வெள்ளைக் கல். இது முதல் ரகம், ஒட்டு இல்லாத முழுக்கல்" என்றார்.

காப்பி கொண்டுவந்த பொம்மக்கா, "ஓரத்துல ஒட்டின கோடு தெரியுதுங்களே" என்றாள்.

வியாபாரிக்கு முகம் சிவந்தது. "ஒரு கீறல் விழாம நிரூபிக்கட்டும். முடியாட்டி இவளை வேலையை விட்டு அனுப்புங்க."

பண்ணையாரும் தலையாட்டினார்.  பொம்மக்கா நிதானமாக ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள்.

"தண்ணியில பொறந்ததுன்னு நீங்களே சொன்னீங்க. கல்யாணம் வரைக்கும் தாய்வீட்டுல இருக்கட்டுங்க."

வியாபாரி கல்லைப் பொத்திக்கொண்டார். "வேண்டாம், ஊறக் கூடாது."

"பொறந்த வீட்டுக்குப் போக யாருங்க பயப்படுவாங்க?"

பண்ணையார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரி மெல்லச் சொன்னார்: "மேலே மெல்லிசான சீவல்தான் ஓபல். அடியில கறுப்புக் கல். நடுவுல பசை. தண்ணியில ஊறினா விட்டுப்போகும்."

பண்ணையார் பொம்மக்காவிடம் திரும்பினார். "அந்தத் தண்ணியை அவருக்கே குடு. தொண்டை வறண்டிருக்கும்."