ஏழு ஸ்பூன் பச்சை

“நிறம் சரியாத்தான் இருக்கு. வள்ளம்தான் தப்பா இருக்கு” என்றார் கித்தேரியான்.

ரொசிட்டா நிமிரவில்லை. சின்னச் சரக்குக் கப்பல் ஒன்றின் புகைபோக்கியைச் சுற்றிச் சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். கோடு முடியும்வரை அவள் மூச்சுக்கூட விடமாட்டாள்.

கோடு முடிந்தது.

“இது எத்தனையாவது தடவை அண்ணாச்சி?”

“மூணு.”

“மூணு தடவை அடிச்சு, மூணு தடவை தின்னர் வச்சுத் துடைச்சாச்சு. இன்னொரு தடவை துடைச்சா உள்ளே கிடக்குற மீன் தெரிஞ்சுரும்.”

கித்தேரியான் சிரிக்கவில்லை.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. அவளுக்கு முப்பத்தெட்டு. தூத்துக்குடிக் கப்பல் கம்பெனி அலுவலகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் சின்னக் கப்பல்களில் பாதி அவள் கையால் ஆனவை. நாற்பது வருஷம் கடலுக்குப் போன மனிதர் இரண்டு மாதமாக அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒட்டவும் உரசவும் பெயின்ட் கலக்கவும் கற்றுக்கொண்டிருந்தார். மீன் ஏலக்கூடத்தில் கேலி செய்தார்கள்.

“என்ன வே, ஆசான் வீட்டுலேர்ந்து வாரீரா? பொம்மைக்குப் பொட்டு வச்சாச்சா?”

ரொசிட்டாவை ஆசானே என்றுதான் அவர் கூப்பிட்டார். முதல் வாரம் விளையாட்டாக. பிறகு அப்படியே நின்றுவிட்டது.

அவர் செய்தது ஒரே ஒரு வள்ளம். அண்ணன் சந்தியாகுவின் மீன்பிடி வள்ளம். அசல் முப்பது அடி. இது ஒரு அடி. அசல், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அண்ணனோடு கடலுக்குள் போய்விட்டது.

செய்து தரச் சொன்னது அண்ணன் மனைவி, மதினி மிக்கேலம்மாள்.

“வாற நினைவுப் பூசைக்குள்ள செஞ்சு குடு தம்பி. கடைசியா நீ எப்படிப் பார்த்தியோ, அதே மாதிரி.”

அண்ணன் போன பிறகு அவள் அவரிடம் கேட்டது அது ஒன்றுதான். பூசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

“என்ன தப்புன்னு சொல்லுங்க” என்றாள் ரொசிட்டா.

அவர் பையிலிருந்து ஒரு பலகைத் துண்டை எடுத்தார். அண்ணன் வள்ளத்தில் கரைக்குத் திரும்பியது அது மட்டும்தான். இத்தனை வருஷமும் டிரங்குப் பெட்டிக்குள் துணி சுற்றி வைத்திருந்தார். பச்சை மங்காமல் இருந்தது. தான் கலந்த பச்சையில் குச்சியைத் தோய்த்து அதன்மேல் ஒரு பொட்டு வைத்தார். இருவரும் காத்திருந்தார்கள். காய்ந்ததும் பொட்டு எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. அவ்வளவு பொருத்தம்.

“பத்துச் சொட்டு பச்சை, மூணு மஞ்சள், ஒரு கறுப்பு. எண்ணித்தான் விட்டேன். காயுறதுக்கு முன்னால பார்க்கவே இல்லை. ஈரத்துல நிறம் பொய் சொல்லும்னு நீங்கதான சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“பலகையோட பொருந்துது. வள்ளத்துல அடிச்சா கிணத்துப் பாசி மாதிரி இருண்டு போய்க் கிடக்கு. இது எங்க அண்ணன் வள்ளமே இல்லை.”

“வெள்ளை எத்தனை சொட்டு விட்டீங்க?”

“வெள்ளையா? அண்ணன் வள்ளத்துல வெள்ளையே கிடையாது.”

ரொசிட்டா பிரஷைக் கழுவி வைத்தாள்.

“மாடிக்கு வாங்க.”

மாடியில் நல்ல வெயில். அங்கிருந்து கடல் முழுக்கத் தெரியும். கரையோரம் கட்டிக் கிடந்த ஒரு பச்சை வள்ளத்தைக் காட்டினாள். பிறகு தூரத்தில் போய்க்கொண்டிருந்த இன்னொரு பச்சை வள்ளத்தைக் காட்டினாள்.

“ரெண்டும் ஒரே கடையில வாங்கின ஒரே பச்சை. எது நல்ல பச்சை?”

“கிட்ட கிடக்கிறது.”

“அந்தா போறது?”

கண்ணைச் சுருக்கினார். நாற்பது வருஷம் பார்த்த கடல்தான். இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

“வெளுத்திருக்கு.”

“யார் வெள்ளை விட்டா?”

“யாரும் விடலை. நடுவுல காத்துதான் இருக்கு.”

“சின்ன வள்ளம்னா தூரத்து வள்ளம் அண்ணாச்சி. நடுவுல இருக்கிற காத்தையும் சேர்த்துக் கலக்கணும். அதுக்குத்தான் வெள்ளை.”

“எவ்வளவு விடணும்?”

“நீங்க எவ்வளவு தூரத்துலேர்ந்து பார்த்தீங்களோ, அந்த அளவு.”

கித்தேரியான் கையிலிருந்த பலகையைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

“கை எட்டுற தூரம்” என்றார்.

பத்தொன்பது வருஷமாக அவர் சொல்லிவரும் தூரம் அது. ஒவ்வொரு நினைவுப் பூசையும் முடிந்த கையோடு மதினி வீட்டில் உட்கார்ந்து சொல்வார். திடீரென்று காற்று திரும்பியது. மழை இன்னும் இறங்கவில்லை. நான் என் வள்ளத்தை அண்ணன் வள்ளத்தோடு ஒட்டிக் கொண்டுபோனேன். கயிறு எறிந்தேன். அண்ணன் விரல் கயிற்றைத் தொட்டது. தொட்டது, வழுக்கிவிட்டது.

கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மதினி மட்டும் எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்து முன்னால் வைப்பாள்.

“குடி தம்பி” என்பாள்.

“கை எட்டுற தூரம்னா வெள்ளை வேண்டாம்” என்றாள் ரொசிட்டா. படியிறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் அவர் வந்தபோது ஜன்னலோரம் ஏழு பிளாஸ்டிக் ஸ்பூன்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் அவருடைய பச்சை. முதல் ஸ்பூனில் ஒரு சொட்டு வெள்ளை கலந்திருந்தது. அடுத்ததில் இரண்டு. அப்படியே ஏழுவரை.

“எதுக்கு ஆசானே இது? வெள்ளை வேண்டாம்னு சொன்னீங்களே.”

“தூரத்தைச் சொன்னது நீங்க.”

அவர் வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஐந்தாவது ஸ்பூனுக்கு வந்ததும் கை தானாக நீண்டது.

“இதுதான்” என்றார். ஸ்பூனைக் கையில் எடுத்தார். “இதேதான். இந்தப் பச்சையைத்தான் கடைசியா பார்த்தேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

ரொசிட்டா மாடிப்படியை மட்டும் காட்டினாள்.

தனியாக ஏறினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஸ்பூனைக் கை நீட்டிப் பிடித்து, கடலில் தெரிந்த வள்ளங்களோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். கரையோரம் கிடந்தது எதுவும் பொருந்தவில்லை. நூறு பாகத் தூரம் தள்ளிப் போன வள்ளமும் பொருந்தவில்லை. அதற்கும் அப்பால், வெகு அப்பால், ஒரு வள்ளம் போயிற்று. பல்லிமுட்டை அளவுதான் தெரிந்தது.

அதன் பக்கத்தில் ஸ்பூனைப் பிடித்தார்.

இரண்டும் ஒரே பச்சை.

அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு ஆள் முகம் தெரியாது. கை அசைவது தெரியாது. கூப்பிட்டால் கேட்காது. அன்றைக்கு அவர் ஒரே ஒரு தடவைதான் திரும்பிப் பார்த்தார். அதற்கு முன்பே அவர் வள்ளத்தின் முகப்பைக் கரைப் பக்கம் திருப்பியாகிவிட்டது. கயிறு, கட்டு அவிழ்க்காமல் காலடியிலேயே கிடந்தது.

வெயில் ஏறும்வரை மாடியிலேயே நின்றார். கீழே வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

ரொசிட்டா நோட்டில் சொட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

“பலகைப் பச்சையையே அடிச்சுக் குடுத்துரலாம்” என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. “மதினிக்கு அந்தப் பச்சைதான் தெரியும். வருஷா வருஷம் அண்ணனோட சேர்ந்து அவதான் பெயின்ட் அடிப்பா. பார்த்ததும் சந்தோஷப்படுவா.”

“அடிங்க. பிரஷ் உங்க கையிலதான இருக்கு.”

“நீங்க என்ன சொல்லுதீங்க?”

“வார்னிஷ் அடிக்கிறதுக்கு முன்னால, அதை வீட்டுல வச்சுக்கப் போறவங்க இங்க வந்து பாக்கணும். இந்த மேசையில அதுதான் வழக்கம். சனிக்கிழமை மதினியக் கூட்டிட்டு வாங்க.”

வெள்ளிக்கிழமை காலையில் அவர் இரண்டு குப்பிகளையும் எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றில் பலகைப் பச்சை. இன்னொன்றில் ஐந்து சொட்டு வெள்ளை விட்டது. மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக மதியம்வரை போயிற்று.

“மூடி தேயப்போகுது அண்ணாச்சி” என்றாள் ரொசிட்டா.

சாயங்காலத்துக்குள் வள்ளம் காய்ந்துவிட்டது.

சனிக்கிழமை மதினி வந்தாள். எழுபதை நெருங்கிய வயது. படியேறி வந்ததில் மூச்சு இளைத்தது. ரொசிட்டா நாற்காலியை இழுத்துப் போட்டாள். மதினி உட்காரவில்லை. மேசைமேல் நின்ற வள்ளத்தைக் குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். வெளிறிய பச்சை. தண்ணீருக்கு அப்பால் தெரிகிற பச்சை.

கித்தேரியான் சுவரோடு ஒட்டி நின்றார். வேட்டி நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“மதினி.”

அவள் திரும்பவில்லை.

“நான் கயிறு எறியலை மதினி. அவ்வளவு கிட்ட நான் போகவே இல்லை.”

ரொசிட்டா பிரஷைத் தின்னரில் போட்டாள்.

மதினி ஜன்னல் பக்கம் போனாள். கவிழ்ந்து கிடந்த ஸ்பூன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஐந்தாவதைத் தாண்டினாள். ஆறாவதையும் தாண்டினாள். கடைசி ஸ்பூனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

“நான் பார்த்தது இது.”

கித்தேரியான் சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

“எங்கேர்ந்து மதினி?”

“கரையிலேர்ந்து.”

ஸ்பூனை எடுத்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தாள்.

“ரெண்டு வள்ளம் தெரிஞ்சுது தம்பி. ஒண்ணு பெருசாகிக்கிட்டே வந்துச்சு.”