பிலவேந்திரர் வெட்டாத குருத்து

சூசைபுரத்துக் கீழத்தெருவில் பிலவேந்திரர் என்றொரு மரமேறி வாழ்ந்து வந்தார். பொழுது விடிந்ததும் இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு போய், மேலத்தெருக்காரர்களின் தென்னைகளில் ஏறித் தேங்காய் பறித்துப் போடுவதே அவருடைய பிழைப்பு. மரத்தில் கால் வைக்கும் முன் அடிமரத்தில் பெருவிரலால் சிலுவை வரைவார். "ஆண்டவரே, என்னையும் பாத்துக்க, மரத்தையும் பாத்துக்க" என்பார். ஒரு நாளைக்கு நாற்பது மரம் ஏறினால் நாற்பது முறை இதே செபம். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு வேறு செபம் சரியாக வராது.

ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் அவருக்கென்று ஒரு பெருமை இருந்தது. கழுதை மேல் ஏறி வந்த இயேசுவை எருசலேம் மக்கள் ஓலை பிடித்து வரவேற்றதை நினைத்து, தென்னங்குருத்தை ஏந்தி ஊரே பவனி போகும் குருத்தோலை ஞாயிறு அது. முப்பத்தொரு ஆண்டுகளாக அந்தக் குருத்தை வெட்டித் தந்தவர் பிலவேந்திரர். கூலி என்று ஒரு வாய் டீ கூட வாங்கியதில்லை. பவனியோ கோயிலில் புறப்பட்டு, மேலத்தெருவைச் சுற்றி, வாய்க்கால் மதகு வரை வந்து அங்கேயே திரும்பிவிடும். மதகைத் தாண்டினால் கீழத்தெரு. இரண்டு தெருவுக்கும் ஞானஸ்நானத் தொட்டி ஒன்றுதான்; ஆனால் ஆண்டவர் மட்டும் மதகோடு நின்றுகொள்ள வேண்டுமாம்! இந்த வழக்கத்தைப் போட்டது யார் என்று கேட்டுப் பாருங்கள், செத்துப்போனவர்கள் பெயராகச் சொல்வார்கள்.

ஒரு கார்த்திகையில் புயல் அடித்தது. விடிந்து பார்த்தால் ஆயிரக்கணக்கான தென்னைகள் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்திருந்தன. கீழத்தெருவின் பதினாறு குடிசைகளில் ஒன்றுக்கும் கூரை இல்லை. நிவாரண லாரிகள் மேலத்தெருவோடு காலியாகித் திரும்பின. பிலவேந்திரருக்கு வீடும் போயிற்று, ஏறுவதற்கு மரமும் போயிற்று. அவரோ மறுநாள் காலையில் விழுந்த மரங்களின் மேலும் சிலுவை வரைந்துகொண்டு நடந்தார்.

அப்போதுதான் திருச்சிப் பக்கத்து ஆலயங்களிலிருந்து தொண்டர்கள் இருபத்தாறு பேர் வந்து இறங்கினார்கள். பள்ளி ஆசிரியர்கள், செவிலியர்கள், ஒரு பேருந்து ஓட்டுநர். லீவு போட்டுவிட்டு வந்தவர்கள். அவர்கள் மதகைப் பார்த்துத் தயங்கவில்லை. நேரே கீழத்தெருவுக்குள் வந்து, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, அங்கேயே படுத்தார்கள். விழுந்த மரங்களின் மட்டைகளைக் கிழித்துக் கூரைக்குக் கீற்று முடைவது என்று முடிவாயிற்று. சொல்லிக் கொடுத்தவர் பிலவேந்திரர். முதல் நாள், மட்டையைத் தண்ணீரில் ஊறப்போடாமலே முடையப் போய் எல்லாம் பொடிப்பொடியாக உடைந்தன. மெர்சி டீச்சர் என்ற பெண் முடைந்த முதல் கீற்று ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாக நின்றது. அவரே அதைத் தூக்கிப் பங்குச் சாமியாரான ஸ்தனிஸ்லாஸ் அடிகளிடம் காட்டிச் சிரித்தார். பிறகு பிலவேந்திரரிடம் கொடுத்து, "அண்ணே, இது கூரைக்கு ஆகாது. எங்க ஞாபகமா வச்சுக்குங்க" என்றார்.

பதினைந்து நாளில் கைகள் கொப்பளிக்க ஐயாயிரம் கீற்று முடைந்தார்கள். அதற்குள் லீவு தீர்ந்துவிட்டது. கூரைக்கு மூங்கிலோ வந்து சேரவில்லை. "மழையில நனையாம கோயில் கொட்டகையில அடுக்கிப் பூட்டுறேன். மூங்கி வந்ததும் கீழத்தெருவுக்கு எடுத்துக் குடுத்துடுறேன்" என்று வாக்குக் கொடுத்தார் கோயில் நாட்டாண்மை அமலதாசு. தொண்டர்கள் நம்பிப் போனார்கள். தை மாதம் மூங்கில் வந்தது, எலும்புக்கூடு மாதிரிப் பதினாறு கூரைச் சட்டங்கள் எழுந்தன. கொட்டகைக் கதவு மட்டும் திறக்கவில்லை.

ஏன் தெரியுமா? ஈஸ்டர் என்ற உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறைமாவட்டத் தலைவரான ஆயர் வருகிறாராம். புயலில் ஊரைக் காப்பாற்றியதற்கு நன்றித் திருப்பலியாம். அதற்குப் பந்தல் போடக் கீற்று வேண்டுமாம். அடப்பாவிகளா! தார்ப்பாய்க்கு அடியில் மனிதர்கள் வெந்துகொண்டிருக்க, நன்றி சொல்ல நிழல் கேட்கிறதா உங்களுக்கு? மாதம் ஒருமுறை பூசைக்கு வரும் ஸ்தனிஸ்லாஸ் அடிகளிடம், "கீழத்தெருவுக்குக் கூரை போட்டாச்சு சாமி" என்று நாட்டாண்மை வாய் கூசாமல் சொன்னார். மதகு தாண்டி நாலு எட்டு வைத்துப் பார்க்க அடிகளுக்கும் தோன்றவில்லை. இரண்டு முறை அவரிடம் பேசப் போன பிலவேந்திரரை, "சாமிக்கு நேரமில்ல, போ போ" என்று வாசலிலேயே விரட்டினார்கள்.

தவக்காலம் முடியப்போகிற வெள்ளிக்கிழமை, நாட்டாண்மை மதகு வரை வந்து நின்று கூப்பிட்டார்.

"என்னடா பிலவேந்திரா, நாளன்னைக்குக் குருத்தோலை. ஒங்க தெருவுல பதினோரு மரம் நிக்கிதாமே, ஏறி இறக்கிடு."

"ஐயா, புயல்ல மண்டை திருகிப் பொழச்ச மரம். இப்பத்தான் குருத்தே விடுது. அதுல கை வச்சா மரம் பட்டுப்போயிரும்."

"ஆண்டவருக்குக் குடுக்க ஒனக்கு மனசு வரல?"

"ஒங்க கொல்லையில மூணு மரம் தெடமா நிக்கிதே ஐயா. அதுல வேணா ஏறுறேன்."

"அது காய்க்கிற மரம்டா!"

கேட்டீர்களா இந்த நியாயத்தை! அவர் மரம் காய்க்க வேண்டும், ஏழை மரம் சாக வேண்டும், புண்ணியம் ஊருக்குப் பொது. நாட்டாண்மை குரலைத் தாழ்த்தினார். "இந்தா பாரு. குருத்த இறக்கு. பந்தலுக்குப் போக மிச்சக் கீத்த ஒங்களுக்குத் தெறந்து விடுறேன்."

யாருடைய கீற்றை யார் பேரம் பேசுவது? ஆனாலும் அந்தப் பேச்சு பிலவேந்திரரைப் பிடித்து உலுக்கிவிட்டது. வீட்டுக்கு வந்தால் மனைவி மரியபுஷ்பம் பிடித்துக்கொண்டார். "ஏங்க, வெட்டித்தான் தொலைங்களேன். பக்கத்து வீட்டு ரீத்தா புள்ள முதுகப் பாத்தீங்களா? பொறந்து ரெண்டு மாசம் ஆகல. தார்ப்பாய்ச் சூட்டுல தோலே உரியுது. மரம் பெருசா, புள்ள பெருசா?"

பிலவேந்திரர் அரிவாளை எடுத்துக்கொண்டு போனார். முதல் மரத்தடியில் நின்று, வழக்கம்போல் பெருவிரலால் சிலுவை வரைந்தார். "ஆண்டவரே, என்னையும் பாத்துக்க, மரத்தையும்..." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. இந்தப் பதினோரு மரம்தான் அடுத்த வருடம் பதினாறு வீட்டுக்கும் கஞ்சி. பாத்துக்க என்று ஆயுசு முழுக்க ஆண்டவரைக் கெஞ்சிவிட்டு, இன்று தானே கொன்று அவர் கையிலேயே கொடுப்பதா? மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அரிவாளை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரும்பினார். மரியபுஷ்பம் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

வேறு மரமேறிகள் ஊரில் இல்லை. பிழைப்புத் தேடித் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். டீக்கடையில் பிலவேந்திரரின் பெயர் நாறியது. "புயல்ல தென்னை மட்டுமா சாஞ்சுது? மரமேறியோட விசுவாசமும் சாஞ்சிருச்சு" என்றார் ஒருவர். எதிரிலேயே "யூதாஸ்" என்றார் இன்னொருவர். முப்பத்தொரு ஆண்டு வாங்கிய குருத்துக்கு ஊர் காட்டிய நன்றி இவ்வளவுதான்.

ஞாயிறு காலை கோயில் வாசலில், மாதா சிலை வைத்த குகையான கெபி முன்னால் சனம் கூடியது. கைகள் வெறுங்கையாக இருந்தன. "கீழத்தெருக்காரன் குருத்துத் தர மாட்டேன்னுட்டான் சாமி" என்று நாட்டாண்மை அடிகளிடம் புகார் வைத்தார். கூட்டத்தின் கடைசியில் பிலவேந்திரர் வந்து நின்றார். கையில் அந்தக் கோணல் கீற்று.

"இங்க வாங்க. அதென்ன கையில?" என்று அழைத்தார் அடிகள்.

"கீத்து சாமி. ஆண்டவரக் கூப்பிட வெறுங்கையோட வர மனசு கேக்கல. வாசல்ல தட்டியா வச்சிருந்தது இது ஒண்ணுதான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அடிகள் சிரிக்கவில்லை. கீற்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அந்த மெர்சி டீச்சர் முடைஞ்சதுல்ல? ஏன் இது ஒண்ணுதான்? மத்ததெல்லாம் ஒங்க கூரையில இருக்கே?"

பிலவேந்திரர் நாட்டாண்மையைப் பார்த்தார். பிறகு கெபியில் இருந்த மாதாவைப் பார்த்தார். "கூரையில இல்ல சாமி. கொட்டகையில இருக்கு. எலி குட்டி போட்டிருக்கு."

அடிகளின் முகம் செத்துப்போயிற்று. "சாவிய எடுங்க" என்றார்.

"சாமி, ஆயர் வர்றாரு, பந்தலுக்கு..."

"ஆயருக்கு நான் கொடை புடிக்கிறேன். சாவிய எடுங்க!"

கதவு திறந்தது. அடிகள் சனத்தின் பக்கம் திரும்பி, "நாலு மாசமா நானும் மதகோட திரும்பிட்டேன். மொதத் தப்பு என்னுது" என்று சொல்லிவிட்டு, அந்தக் கோணல் கீற்றைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். "இந்த வருசம் குருத்தோலை இதுதான். ஆளுக்குக் கொஞ்சம் தூக்குங்க." சிலர் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். போகட்டும். மற்றவர்கள் தூக்கினார்கள். டீக்கடையில் யூதாஸ் என்றவரும் தலையைக் குனிந்துகொண்டு ஒரு கட்டைத் தூக்கினார். "ஓசன்னா" பாடிக்கொண்டு பவனி மேலத்தெருவைக் கடந்தது, மதகுக்கு வந்தது, திரும்பவில்லை. நாட்டாண்மை மட்டும் மதகில் நின்றார்.

கீழத்தெரு முனையில் அடிகள் கேட்டார்: "எந்த வீட்டுக்கு மொதல்ல போடணும்? ஒங்க வீடா?"

"ரீத்தா வீடு சாமி. பச்சப்புள்ள இருக்கு."

பெரிய வியாழனுக்குள் பதினாறு வீட்டுக்கும் கூரை ஏறியது. கடைசிக் கூரை பிலவேந்திரருடையது. சனிக்கிழமை பிற்பகல் கோடை மழை கொட்டித் தீர்த்தது. ரீத்தாவின் பிள்ளை ஒரு சொட்டுப் படாமல் தூங்கியது. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த மரியபுஷ்பம், "கஞ்சி ஆறுது, வந்து குடிங்க" என்று எட்டு நாளுக்குப் பிறகு முதல் பேச்சுப் பேசினார்.

பிலவேந்திரர் போகவில்லை. மழை விட்டதும் தென்னைகளிடம் போனார். பதினோரு மரத்திலும் குருத்து பிரிந்து, இளம் ஓலை விரிந்திருந்தது. ஈர மரத்தில் பெருவிரலை வைத்துச் சிலுவை வரைந்தார். கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

"பாத்துக்கிட்டியே ஆண்டவரே" என்றார்.

வெறுங்கையோடு வர மனமில்லாமல் வாசல் தட்டியைத் தூக்கி வந்தவர் அவர். அவருடைய தெருவைத் தேடி ஆண்டவர் மதகைத் தாண்டி வந்தார். அந்த எளிய மரமேறியை நினைக்கும் நாளெல்லாம் நமக்கு நல்ல நாளே.