தில்லைநாயகம் ஆடின ஜிக்

"என் கையில என்ன குறைச்சல், டீச்சர்?"

வணக்கம் கிணக்கம் ஒன்றும் கிடையாது. நனைந்த மழைக்கோட்டோடு ஒத்திகை ஹாலுக்குள் நுழைந்ததுமே தில்லைநாயகம் இதைத்தான் கேட்டார்.

நோரா தலையை நிமிர்த்தவில்லை. ஃபிடிலுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊர். பழைய நாட்டு மெட்டுகளை வாசிக்கும் அந்த ஊர்க் குழுவுக்கு நோராதான் தலைவி, சொல்லிக்கொடுப்பவளும் அவள்தான். இவரைவிடப் பத்து வயது இளையவள். இருந்தாலும் டீச்சர் டீச்சர்தானே.

தில்லைநாயகம் மயிலாடுதுறையில் மிருதங்கம் படித்தவர். வேலைக்கு வந்த இடத்தில் பௌரானைப் பிடித்துக்கொண்டார். ஆட்டுத்தோல் கட்டின கைமேளம் அது, குச்சியால் தட்டவேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதை வைத்துக்கொண்டு மனுஷன் பண்ணின அமர்க்களம் இருக்கிறதே, அப்பப்பா!

"சனிக்கிழமை கல்யாண ஆட்டத்துக்கு வாசிக்க நான் வேண்டாம்னு சொன்னீங்களாமே?"

"ஆமா."

"ஏன்? தாளம் தப்பினேனா?"

"இல்லை."

"கை ஓய்ஞ்சு போச்சா?"

"ஓயவே மாட்டேங்குது."

"பின்னே என்னதான் வேணும் உங்களுக்கு? ஒரே மெட்டை மூணு மூணு தடவை வாசிக்கிறீங்க. நடுவுல நான் நாலு மிருதங்கச் சொல்லு போட்டாத்தான் அதுக்கு உயிரே வருது! கல்யாணத்துல நான் இல்லைன்னா, குழுவுலயும் இல்லை. சொல்லிட்டேன்."

நோரா பெருமூச்சு விட்டாள். ஃபிடிலைக் கீழே வைத்தாள்.

"பௌரானைக் கொடுங்க."

முறைத்துக்கொண்டே கொடுத்தார்.

"இப்போ ஆடுங்க."

"என்னது?"

"ஜிக். உங்களுக்குத் தெரியுமே."

தெரியும்தான். ஜிக் என்பது அங்கத்துத் துள்ளாட்டம். அந்தக் குழுவில் சேருகிறவர்களுக்கு முதலில் ஆட்டம், அப்புறம்தான் வாத்தியம்.

நோரா ஃபோனில் ஏதோ ஒரு ஒலிப்பதிவைப் போட்டாள். அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஃபிடிலும் குழலும் மட்டும் வாசித்தவரை நன்றாகத்தான் போயிற்று. பிறகு மேளம் சேர்ந்துகொண்டது. இவர் வலது காலைத் தூக்கினால் அங்கே நாலு அடி. இடது காலை வைக்கப்போனால் அங்கே எட்டு. நோராவின் காலை மிதித்தார். நாற்காலியில் முட்டிக்கொண்டார்.

"மறுபடியும்," என்றாள் நோரா.

மறுபடியும் மிதித்தார்.

மூச்சு இரைத்தது. பொறுமை போயே போய்விட்டது. இங்கிலீஷ் மறந்துபோய்த் தமிழிலேயே கத்தினார்:

"எவன்டா அந்த மேளக்காரன்? மனுஷன் கால் வைக்க ஒரு இடம் விடுறானா பாரு, பாவி!"

நோராவுக்குத் தமிழ் தெரியாது. பதிவை அவள் நிறுத்தவும் இல்லை.

அப்போதுதான் மேளம் அந்தச் சொற்கட்டை எடுத்தது. ததிங்கிணதொம். திரும்பவும் ததிங்கிணதொம். மூன்றாவதாகவும் அடித்து, கச்சேரி மேடையில் வைப்பதுபோல முத்தாய்ப்பு வைத்தது.

அந்த ஊரில் அப்படி முடிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்.

தில்லைநாயகம் தூக்கின காலோடு நின்றார்.

நோரா அவர் முகத்தைப் பார்த்தாள். பௌரானை எடுத்து நீட்டினாள்.

"கல்யாணம் ஆறு மணிக்கு. நேரத்துக்கு வந்துடுங்க."