செவலையின் காற்றோட்டமான கூடு

கூழைப்பட்டியில் புத்திக்குத்தான் பஞ்சம், யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. அந்த ஊர் இருளப்பனுக்கு வந்ததே ஒரு சோதனை!

அவன் பெண்டாட்டி செம்பாயி தாய்வீட்டுக்குப் புறப்படும்போது கறாராகச் சொன்னாள்: "செவலைக் கோழி எங்காத்தா சீராக் குடுத்தது. வெள்ளிக்கிழமை நான் வரும்போது அது இல்லேன்னா, அடுத்த பஸ்ஸுலயே திரும்பிப் போயிருவேன்."

பஸ் கண்ணை விட்டு மறைந்ததும் செவலை தும்மியது. விடிவதற்குள் மூக்கில் நீர் வடிந்து, மூச்சு கொர்கொர்ரென்று இழுத்தது. கோழி செத்து, செம்பாயி போய்விட்டால் இருளப்பன் கதி என்ன? அவனுக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்பது ஒருபுறம், செம்பாயி மேல் உயிரையே வைத்திருந்தான்.

மாமன் பூச்சப்பனையும் பங்காளி காத்தமுத்துவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினான்.

"இந்த மருந்தைத் தண்ணில கலந்து வைங்க. தனியாப் பூட்டி வைங்க. கூட்டுக்குள்ள காத்து தாராளமா வரணும். வெளிக்கோழி எதையும் கிட்ட அண்ட விடாதீங்க" என்றார் டாக்டர்.

"தாராளம்னா எம்புட்டு மாமா?" என்று கேட்டான் இருளப்பன்.

"கல்யாண வீட்டுல சாம்பார் ஊத்துற மாதிரிடா. போதும்னு கையை மறிச்சாலும் ஊத்தணும்" என்றார் பூச்சப்பன்.

கூட்டிலிருந்து ஒரு பலகையைப் பெயர்த்தார்கள். செவலை தும்மியது. காற்று பத்தவில்லை என்று இன்னொன்றைப் பெயர்த்தார்கள். மறுபடி தும்மியது. பொழுது சாய்வதற்குள் நாலு பக்கமும் போய், கூரையும் போய், நிலையும் கதவும் மட்டும் நின்றன.

"கதவையும் எடுத்துருவோமா?" என்றான் காத்தமுத்து.

"கூறுகெட்டவனே! டாக்டர் பூட்டச் சொன்னாருல்ல? கதவில்லாம எதைப் பூட்டுவே?" என்றார் பூச்சப்பன்.

நியாயம்தானே! இருளப்பன் கோழியோடு குனிந்து கதவு வழியாக உள்ளே போனான். மருந்துத் தண்ணீர் வைத்தான். குனிந்தே வெளியே வந்து பூட்டி, சாவியை அரைஞாண்கயிற்றில் முடிந்துகொண்டான். அன்றாடம் இப்படியே நடந்தது. நடக்கத் தெம்பில்லாத செவலையும் தண்ணீர்க் கிண்ணத்தருகிலேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் கோழியைக் காணோம்!

பூச்சப்பன் பூட்டை இழுத்துப் பார்த்தார். "பூட்டு பூட்டினபடி இருக்கு. சாவி உன் இடுப்புல இருக்கு. அப்ப கோழி உள்ளதான் இருக்கு."

"கண்ணுக்குத் தெரியலையே மாமா?"

"சளி புடிச்சா உடம்பு இளைக்காதாடா?"

இருளப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்துக் குப்பைமேட்டிலிருந்து ஒரு சிவப்புக்கோழி ஜம்மென்று நடந்து வந்தது. "ஐயோ, வெளிக்கோழி!" மூவரும் கம்பை எடுத்துக்கொண்டு அதைப் பஸ் நிறுத்தம் வரை விரட்டினார்கள்.

செம்பாயி பஸ்ஸைவிட்டு இறங்கினாள். பாய்ந்து வந்த கோழியை வாரி அணைத்துக்கொண்டாள். "எஞ்செவலை மாதிரியே இருக்கே!"

"கீழ போடு புள்ள! உன் செவலைக்குச் சளி புடிச்சு இழுத்துச்சு. டாக்டர் சொன்னபடி தாராளமாக் காத்து விட்டு, பூட்டின கூட்டுல பத்திரமா வச்சிருக்கேன்" என்றான் இருளப்பன்.

அவள் கோழியைத் தொப்பென்று போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். கதவில் காதை வைத்தாள். தும்மல் இல்லை, இழுப்பு இல்லை. பின்னாலேயே வந்த கோழி, கதவைச் சுற்றிக்கொண்டு போய்த் தன் பழைய இடத்தில் உட்கார்ந்து "கொக் கொக்" என்றது.

"எஞ்செல்லம் பொழச்சிருச்சு!" செம்பாயிக்குக் கண் கலங்கிவிட்டது.

பூரித்துப்போன இருளப்பன் அவளுக்குக் கோழியைக் காட்டச் சாவியை அவிழ்த்தான். அவள் பதறிப்போய் அவன் கையைப் பிடித்தாள்.

"கதவைத் திறந்துராதீங்க! சேர்த்து வச்ச காத்தெல்லாம் வெளிய போயிரும்!"