ஊரேட்டில் ஏறாத பதினோரு வீடு

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு ராசாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. தன் நாட்டிலுள்ள ஊர்களையெல்லாம் ஒரே ஏட்டில் எழுதிவைக்க வேண்டும். அதற்கு ஊரேடு என்று பெயரும் வைத்தாயிற்று. ஏட்டில் இருந்தால்தான் ஊர், ஊருக்குத்தான் கால்வாய்த் தண்ணீர் என்று முரசும் அறைந்துவிட்டார்கள்.

எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது? அந்த வேலை தலைமை ஓலைக்காரர் அம்பலவாணரிடம் போயிற்று. அவர் ஒரு விதி போட்டார்: ராசமுத்திரை விழுந்த ஓலை ஒன்றிலாவது ஊரின் பெயர் வந்திருக்க வேண்டும். அவனவன் தன் ஊரைப் பற்றி அளப்பதெல்லாம் செல்லாது.

இதைக் கேட்டதும் அரண்மனை விகடன் சங்கிலி தன் ஊரை நினைத்துக்கொண்டான். அவன் பிறந்த ஈச்சம்பொத்தை ஒன்பது நாள் நடைத் தொலைவு. இரண்டு ஊர்களுக்கு நடுவே பதினோரு வீடு, ஒரு கிணறு. கோயில் கிடையாது, நாட்டாமை கிடையாது. கோடையில் கிணறு வற்றிவிடும்; கால்வாய் வந்தால்தான் கதி. அவனுக்கென்று இருக்கும் ஒரே அக்காள் அங்கேதான் ஆறு ஆடுகளோடு கிடக்கிறாள்.

சபையில் எழுந்தான். "அய்யா, எங்க ஈச்சம்பொத்தையையும் ஒரு வரி..."

ராசா சங்கிலியின் பேச்சுக்குச் சிரிக்கும்போதெல்லாம் அம்பலவாணருக்குப் பல் கூசும். இன்றைக்கு வசமாகச் சிக்கினான்.

"எதுடா, அந்தப் பதினோரு வீடா? ரெண்டு ஊருக்கு நடுவுல காக்கா போட்ட எச்சம், அது ஊரா? மகாராசா, எந்த ஓலையிலயும் அந்தப் பேரு இல்ல. அப்படி ஒரு இடமே இல்ல."

"விதின்னா விதிதான் சங்கிலி. நாளைக்கு ஏட்டைக் கட்டிடுவாங்க" என்ற ராசா, சோம்பல் முறித்துக்கொண்டு சாளரப் பக்கம் போனார்.

சங்கிலி விறுவிறுவென்று படியேறி, சிம்மாசனத்துப் பட்டு மெத்தையில் உட்கார்ந்துவிட்டான்.

சாமரம் வீசியவளின் கை அந்தரத்தில் நின்றது. சேனாபதி வாயிலிருந்த வெற்றிலையை அப்படியே விழுங்கினார். தான் செய்ததைச் சங்கிலியாலேயே நம்ப முடியவில்லை.

திரும்பிப் பார்த்த ராசா கத்தினார்.

"இவனைக் கழுவுல ஏத்துங்கடா!"

ராசாவின் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று அம்பலவாணர் எழுத்தாணியை எடுத்தார். மரண ஓலையில் குற்றவாளி பிறந்த இடம் கட்டாயம் இருக்க வேண்டும். உடம்பைக் கேட்டு வர உறவுக்காரர்களுக்குச் சேதி போக வேண்டுமல்லவா?

"பொறந்த இடம் சொல்லுடா, சீக்கிரம்!"

"ஈச்சம்பொத்தைங்க."

எழுதினார். ராசா கொதிப்போடு மோதிரத்தை அழுத்தினார். முத்திரை விழுந்தது.

"ஒருதரம் வாசிங்கய்யா. சாகப்போறவன் கேட்டுக்கிறேன்."

"ஈச்சம்பொத்தையில் பிறந்த இருளப்பன் மகன் சங்கிலி..." அம்பலவாணரின் நாக்கு அங்கேயே ஒட்டிக்கொண்டது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

சங்கிலி இறங்கி வந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "மகாராசா, அப்படி ஒரு இடமே இல்லேன்னா, அங்க பொறந்தவனும் இல்ல. என்னை விட்டுருங்க. இருக்குன்னா, முத்திரை ஓலையில பேரு வந்தாச்சு. முதல்ல அதை ஏட்டுல ஏத்துங்க, பொறவு என்னைக் கழுவுல ஏத்துங்க."

ராசா ஓலையைப் பார்த்தார். அம்பலவாணரைப் பார்த்தார்.

"அட பாவி! பதினோரு வீட்டுக்காகவா உசுரைப் பணயம் வச்ச?"

"பதினோரு வீட்டுலயும் தாகம் எடுக்குமே மகாராசா."

ராசாவின் மீசை துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் நீர் வர, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஓலையை நாலாகக் கிழிக்கப் போனவர், நிறுத்தி, "வேண்டாம், சாட்சிக்கு இருக்கட்டும்" என்று தண்டனையை மட்டும் ரத்து செய்தார்.

"கால்வாயை அங்க வரைக்கும் வெட்டுங்க. சங்கிலி, அந்தச் சேதியை நீயே போய் உங்க அக்காகிட்டச் சொல்லு, என் குதிரையில போ. இந்தா, இந்தப் பட்டு மெத்தையையும் எடுத்துக்க. நீ உக்காந்ததுல இனி நான் உக்கார மாட்டேன்."

அன்று பொழுது சாய்வதற்குள் ஊரேட்டில் ஒரு வரி ஏறியது. ராசா சொல்லச் சொல்ல எழுதியது அம்பலவாணர்தான்:

'ஈச்சம்பொத்தை. பதினோரு வீடு, ஒரு கிணறு, ஒரு சிம்மாசன மெத்தை.'